சுண்டுவிரலுக்கு ஒரு பேனர்

எங்கள் தெருமுனையைத் திரும்பினால் ஒரு சுகாதார நிலையம் உண்டு. முன்பெல்லாம் அதில் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ். போனால் பெஞ்சில் உட்கார வேண்டும். கூப்பிட்டால் உள்ளே போக வேண்டும். டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொல்லுவார், திட்டுவார், மாத்திரை கொடுப்பார். அவ்வளவுதான். இதில் என்ன குறை கண்டார்களோ, மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரியை அனுப்பி வைத்தார்கள். நிலையத்தை மக்கள் அணுகுவதை மேம்படுத்த வந்திருக்கிறாராம். வாயைத் திறந்தால் முன்னேற்றம், மூடினால் முன்னேற்றம். எங்கள் தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

முன்னேற்றம் வந்ததும் முதல் வேலையாகப் பெஞ்சை எடுக்கச் சொன்னார். பெஞ்சு இருப்பதால்தான் ஆட்கள் காத்திருக்கிறார்கள், பெஞ்சை எடுத்துவிட்டால் காத்திருத்தல் ஒழிந்துவிடும் என்று விளக்கமும் சொன்னார். எடுத்தார்கள். காத்திருத்தல் ஒழிந்ததா என்று கேட்காதீர்கள். எல்லோரும் நின்றோம்.

அடுத்து டாக்டரம்மா. அவர் நோயாளிகளைத் திட்டுகிறார் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். திட்டினால் திட்டட்டும், திட்டுக்குத்தான் பாதி நோய் ஓடுகிறது என்று நாங்கள் சொன்னதை யார் கேட்டார்கள்? நோயாளிகளிடம் அன்பாக இருப்பது எப்படி என்று தலைமை அலுவலகத்தில் பயிற்சி வகுப்பு வைத்து அவரை அங்கே அனுப்பினார்கள். அன்பு வர நாளாகும் போலிருக்கிறது. வாரங்கள் போயின, டாக்டரம்மா வரவில்லை.

மிச்சம் நர்ஸ். அவளை வீடு வீடாக அனுப்பினார்கள். போய் என்ன செய்ய வேண்டும்? "நீங்கள் ஏன் நிலையத்துக்கு வருவதில்லை?" என்று கேட்க வேண்டும். படிவத்தில் அறியாமை, பயம், தூரம், அலட்சியம் என்று நான்கு கட்டம், அதில் ஒன்றைக் குறிக்க வேண்டும். பதிலைப் பொறுத்து வாசல் கதவில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நிலையத்துக்குப் போகிற வீட்டுக்குப் பச்சை. போகாத வீட்டுக்குச் சிவப்பு.

நிலையத்தில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். அவரிடம் விசிலும் டார்ச்சும் உண்டு.

என் வீட்டுச் சுவரும் பூட்டுக்காரர் வீட்டுச் சுவரும் ஒன்றே. அவர் சந்தை வாசலில் உட்கார்ந்து பூட்டு பழுது பார்ப்பார், சாவி வெட்டிக் கொடுப்பார். யார் எதைச் சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டுகிற மனுஷர். அவருக்கும் சேர்த்து அவர் பெண்டாட்டி பேசிவிடுவாள். அவள் துணி தேய்த்துக் கொடுக்கிறவள், நாள் முழுக்க நின்றபடி வேலை. புதுச் செருப்பு கடித்து இடது கால் சுண்டுவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. அவளுக்குச் சர்க்கரை வேறு. கொப்புளம் உடைந்தது, புண்ணானது, ஆறவில்லை.

"ஏம்மா, ஒரு நடை போய்க் காட்டிட்டு வந்துடலாம்," என்று அவர் கடையைச் சாத்திவிட்டு வந்து கூட்டிக்கொண்டு போனார்.

அவர்கள் தெருமுனை திரும்பினார்கள், இந்தப் பக்கம் நர்ஸ் வந்து அவர்கள் கதவைத் தட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன்.

"என்னம்மா, அவங்க ரெண்டு பேரும் உன்னைப் பார்க்கத்தானே அங்க போயிருக்காங்க."

"நான் இங்க இருக்கேனே அக்கா."

"அப்ப அங்க யாரு?"

"வாட்ச்மேன்." அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். "வீட்ல இருக்கறவங்க பதில் சொன்னாத்தான் பச்சை. ஆள் இல்லன்னா சிவப்பு. நான் என்னக்கா பண்ண?"

"நிலையத்துக்குப் போனதாலதானே வீட்ல இல்ல?"

"அதுக்குக் கட்டம் இல்லக்கா."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பசித்த முகம். ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுச் சிவப்பு ஸ்டிக்கரைக் கோணாமல் ஒட்டிவிட்டுப் போனாள். பையில் பஞ்சு, மருந்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இது விழிப்புணர்வுப் பை, மருந்துப் பை நிலையத்தில் பூட்டியிருக்கிறது என்றாள்.

புருஷனும் பெண்டாட்டியும் திரும்பி வந்தார்கள். வாட்ச்மேன் காலை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நர்ஸம்மா உங்க தெருவுக்குத்தான் போயிருக்காங்க, ஓடுங்க, பிடிச்சிடலாம்," என்றாராம். அவள் நொண்டிக்கொண்டே ஓடி வந்திருக்கிறாள். கதவில் ஸ்டிக்கரைப் பார்த்ததும் நின்றாள். "இக்குடும்பம் சுகாதார நிலையத்தை அணுகவில்லை" என்று எழுதியிருந்தது.

"அணுகிட்டுத்தானடி வர்றோம்!" என்றாள் கதவைப் பார்த்து. கதவு என்ன செய்யும்?

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். போனார்கள். இரண்டு பஸ் மாறி, வரிசையில் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவனிடம் காலைக் காட்டினால், "உங்க பகுதி டாக்டர் பார்த்து அனுப்பினாங்களா?" என்று கேட்டான். இல்லை என்றால் பார்க்க முடியாதாம். அதுவும் முன்னேற்றத்தின் ஏற்பாடுதான். கூட்டமெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் எங்கள் நிலையத்தை யார் அணுகுவார்கள்? தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்றால், அங்கே வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கே காசு கேட்பார்கள் போலிருந்தது.

சிவப்பு ஸ்டிக்கர் வீட்டுக்காரர்கள் எல்லாரும் விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். கூட்டம் நிலையத்திலேயே. அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். எப்படியும் அங்கே யாராவது காலைப் பார்ப்பார்கள் அல்லவா? பூட்டுக்காரரும் நானும் துணைக்குப் போனோம். பெஞ்சு இல்லாததால் தரையில் உட்கார்ந்தோம். முன்னேற்றம் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! நோய் வந்த பிறகு மருத்துவம் பார்ப்பது பழைய முறை. நோயே வராமல் தடுப்பது நமது முறை. இந்த நிலையம் இனி தடுப்பு நிலையம். இங்கே நோயாளிகள் அதிகம் வந்தால் என்ன அர்த்தம்? தடுப்பு தோற்றுவிட்டது என்று அர்த்தம். ஆகவே, நமது வெற்றிக்கு நோயாளிகள் ஒத்துழைக்க வேண்டும். வராமல் இருந்து ஒத்துழைக்க வேண்டும். அதே சமயம் மக்கள் பெருந்திரளாக வர வேண்டும். வருவதுதான் முக்கியம். வந்த பிறகு என்ன செய்வது என்பது வேறு பிரிவு."

கைதட்டினார்கள். வாட்ச்மேன் விசிலடித்தார்.

இவள் எழுந்து நின்றாள். "ஐயா, எனக்கு வந்துடுச்சுங்க. இனிமே எப்படித் தடுக்கறது?"

"எதும்மா வந்துடுச்சு?"

காலைக் காட்டினாள். அதற்குள் விரல் நுனி கறுக்க ஆரம்பித்திருந்தது. சுற்றியிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். முன்னேற்றம் மட்டும் நகரவில்லை. குனிந்து பார்த்தார். அப்படிப் பார்த்த முதல் அதிகாரி அவர்தான், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

"அருமை," என்றார். "இப்படியே வெளிச்சத்துல வைங்கம்மா."

தன் செல்போனை எடுத்து முன்னாலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தார். விரலைக் கொஞ்சம் விரிக்கச் சொன்னார். அவள் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு விரித்தாள்.

"இதை இன்னிக்கே மேலிடத்துக்கு அனுப்பிடறேன்."

வீடு திரும்புகிறவரை அவளுக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீங்களாக்கா, ஃபோட்டோவே எடுத்துட்டாரு. அங்க பெரிய டாக்டருங்க பார்த்து, இன்ன மருந்துன்னு சொல்லிடுவாங்க. இந்த மனுஷன்தான் சும்மா பயந்துக்கிட்டு இருந்தாரு."

பூட்டுக்காரர் தலையாட்டினார்.

மேலிடத்திலிருந்து பதில் வந்தது. தெருமுனையில், இரண்டு ஆள் உயரத்துக்கு, பேனராக வந்தது. நீல வானம், பறக்கிற புறாக்கள், சிரிக்கிற ஒரு குடும்பம். நடுவில் அவள் கால். சுண்டுவிரல் மட்டும் ஒரு பூசணிக்காய் அளவுக்கு. "இப்படி ஆகும் முன் எங்களை அணுகுங்கள்!"

அவள் தேய்த்த துணிகளைத் தலையில் வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் நின்றாள். பக்கத்தில் போகிறவர்கள் பேனரைப் பார்த்து, அவள் காலைப் பார்த்து, மறுபடியும் பேனரைப் பார்த்தார்கள்.

"என்ன தங்கச்சி, பெரிய ஆளாயிட்டே போல," என்றார் பழக்கடைக்காரர்.

"ஆமாண்ணே. காலுக்குப் பேனர் கட்டத் தெரிஞ்சவனுங்களுக்கு ஒரு துணிக்கட்டு கட்டத் தெரியல."

இதற்கிடையில் நிலையத்தில் ஒரு புது அறை கட்டிவிட்டார்கள். தடுப்பு அறை. கண்ணாடி அலமாரி நிறைய பஞ்சு, மருந்து, சர்க்கரை பார்க்கிற கருவி, எல்லாவற்றுக்கும் மேல் ஒட்டுத்தாள் சீல். ஜன்னலுக்குக் கெட்டியான கம்பி. கதவு முழுக்க இரும்பு. வெளிப்பக்கம் பளபளவென்று கைப்பிடி. உட்பக்கம் ஒன்றும் இல்லை, வழவழவென்று தகடுதான். வாட்ச்மேன் கேட்டதற்கு, உட்பக்கக் கைப்பிடிக்கு இரண்டாம் கட்டத்தில்தான் நிதி ஒதுக்கியிருக்கிறது என்றார்களாம்.

திறப்பு விழாவுக்கு மேலிடத்துப் பெரியவர் வந்தார். கூடவே, அன்பு கற்று முடித்துவிட்ட டாக்டரம்மாவையும் காரில் கூட்டி வந்தார்கள், மேடையில் நிறுத்திக் காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டிப்போக. ரிப்பன் வெட்டுவது பழைய முறை என்று முன்னேற்றம் வேறு ஏற்பாடு செய்திருந்தார். கேடயம், கோப்பை விற்கிற கடையிலிருந்து முழ நீளத்துக்குத் தங்க நிறத்தில் ஒரு சாவி. அதன் நுனியை அரம் வைத்துத் தேய்த்து, பூட்டுக்குள் நுழைகிற மாதிரி பண்ணியிருந்தார்கள். பெரியவர் அதை நுழைத்துத் திருப்பினார். கதவு திறந்தது. கைதட்டல். போட்டோக்காரர், "சார், இன்னொரு தடவை," என்றார். இன்னொரு தடவை திருப்பினார். சாவி முறிந்து, உடம்பு பெரியவர் கையிலும், நுனி பூட்டுக்குள்ளும் நின்றுவிட்டன.

அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே படம் எடுக்கப் போனார்கள். பெரியவர், முன்னேற்றம், டாக்டரம்மா, போட்டோக்காரர். வெளியே நின்ற நோயாளிகள் படத்தில் விழுகிறார்கள் என்று போட்டோக்காரர் குறைப்பட்டார். முன்னேற்றம் கதவைச் சாத்தினார்.

டக்கென்று ஒரு சத்தம், பூட்டு தானாக விழுந்துகொண்டது. அவ்வளவுதான்.

உள்ளே கைப்பிடி இல்லை. வெளியே கைப்பிடி இருந்தும் சாவித் துளைக்குள் முறிந்த தகரம். உள்ளேயிருந்து அசல் சாவியை ஜன்னல் வழியாக நீட்டினார்கள், அது துளையில் நுழையவில்லை. கதவை உடைத்துவிடலாம் என்றார் வாட்ச்மேன். "உடைக்காதே! தணிக்கையில கேள்வி வரும்!" என்று உள்ளேயிருந்து முன்னேற்றம் அலறினார். பூட்டுக்காரரைக் கூப்பிட ஆள் ஓடியது.

அப்போது அவர் கடையில் இல்லை. அவளுக்குக் குளிர் காய்ச்சல். கணுக்கால் வரைக்கும் வீங்கிச் சிவந்து கிடந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியாமல் பழைய பூட்டு ஒன்றைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தார். நான் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"பூட்டுக்காரரே, சீக்கிரம் வாங்க! பெரியவர் உள்ள மாட்டிக்கிட்டாரு. முன்னேற்றம், டாக்டரம்மா, எல்லாரும் உள்ள!"

பூட்டுக்காரர் மெதுவாக நிமிர்ந்தார். "டாக்டரம்மாவுமா?"

"ஆமாங்க."

"வெளிய வர முடியாதா?"

"எங்க வர்றது? நீங்க வந்து திறந்தாத்தான்."

அந்த மனுஷர் முகத்தில் அப்படியொரு தெளிச்சியை நான் பார்த்ததே இல்லை. கருவிப் பையை என் கையில் கொடுத்தார். அவள் துணி தேய்க்கிற தள்ளுவண்டியில் போர்வையை விரித்து, பெண்டாட்டியைத் தூக்கி உட்கார வைத்தார். தள்ளிக்கொண்டு கிளம்பினார். பேனருக்குக் கீழே போகும்போது அவள் காய்ச்சலிலும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள்.

நிலையத்தில் எல்லோரும் கதவைக் காட்டினார்கள். அவர் கதவுப் பக்கமே போகவில்லை. வண்டியை ஜன்னலடியில் நிறுத்தினார். அவள் காலை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"டாக்டரம்மா, கொஞ்சம் பாருங்க."

"யோவ், பூட்டைப் பாருய்யா!" என்றார் பெரியவர்.

"பார்க்கறேங்க. முதல்ல இது."

டாக்டரம்மா கம்பிக்கு இந்தப் பக்கம் கையை நீட்டிக் காலைத் தொட்டார். முகம் மாறியது. "அறிவிருக்காடி உனக்கு? இவ்வளவு நாள் எங்க போய்த் தொலைஞ்ச? காலையே எடுக்கற அளவுக்குக் கொண்டுவந்து வெச்சிருக்கியே!"

அவ்வளவு நாள் வகுப்பில் கற்ற அன்பு ஒரு நொடியில் போயே போய்விட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எவ்வளவு நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு!

"இங்கதான் வந்தோம்மா," என்றாள் அவள். "நீங்கதான் இல்ல."

டாக்டரம்மா கையை உள்ளே இழுத்துக்கொண்டார். திரும்பி அலமாரிச் சீலைக் கிழித்தார்.

"அது காட்சிக்கு வெச்சது!" என்று முன்னேற்றம் குறுக்கே பாய்ந்தார். "சீல் இருந்தாத்தான் இருப்பு சரியா இருக்கும்!"

"தள்ளுங்க."

கம்பி வழியாகவே சர்க்கரை பார்த்தார், ஊசி போட்டார், புண்ணைத் துடைத்துக் கட்டினார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ஒருத்தியை அனுப்புகிறேன், வாசலில் நிறுத்தி ஏதாவது கேட்டீர்களென்றால் நேரில் வருவேன் என்று சத்தம் போட்டார். எங்களைப் பார்த்து, "இப்பவே போகணும். விரல் போயிடும். இன்னிக்கு விட்டா காலும் போயிடும். கார் எங்க?" என்றார்.

வாசலில் நின்றது ஒரே கார், பெரியவருடையது.

"அது எனக்கு வேணும்," என்றார் பெரியவர். "எனக்கு அடுத்த ஊர்ல கூட்டம் இருக்கு. மக்கள் அணுகல் பத்தி."

பூட்டுக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கிண்டலே தெரியாத மனுஷர். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "உள்ள இருக்கறவருக்கு எதுக்கு சார் கார்?"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. டிரைவர் யாரையும் கேட்காமல் கார்க் கதவைத் திறந்துவிட்டார். நானும் வாட்ச்மேனும் அவளைத் தூக்கி ஏற்றினோம். பூட்டுக்காரரும் ஏறினார்.

"யோவ்! பூட்டு?" என்று முன்னேற்றம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"வந்து திறக்கறேன் சார். பூட்டு எங்கயும் போகாது."

நர்ஸ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பையோடு நின்றிருந்தாள். காரில் துணைக்கு ஏறப்போனவள், என்ன நினைத்தாளோ, திரும்பி ஜன்னலுக்கு வந்தாள். படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு முன்னேற்றத்தைப் பார்த்தாள்.

"சார், நீங்க ஏன் வெளிய வர்றதில்ல?"

"என்ன உளர்றீங்க சிஸ்டர்?"

"அறியாமையா, பயமா, தூரமா, அலட்சியமா? ஏதாவது ஒண்ணு சொல்லணும் சார்."

"கதவு பூட்டியிருக்கும்மா!"

"அதுக்குக் கட்டம் இல்ல சார்."

பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை உரித்தாள். பளபளத்த இரும்புக் கதவில், கோணாமல், நான்கு மூலையும் தடவி ஒட்டினாள். அப்புறம் ஓடிப்போய்க் காரில் ஏறிக்கொண்டாள்.

பூட்டுக்காரர் பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் திரும்பினார். அதுவரை உள்ளே இருந்தவர்களுக்கு உட்கார இடமில்லை. பெஞ்சுதான் இல்லையே. டாக்டரம்மா மட்டும் சும்மா இருக்கவில்லை, ஜன்னலடியில் வரிசை கட்டி நின்ற எல்லோரையும் பார்த்தார், எல்லோரையும் திட்டினார். பூட்டுக்காரர் ஒரு வளைந்த கம்பியை விட்டுத் துழாவி, தகரத்துண்டை எடுத்துத் தரையில் போட்டார். வெளியே வந்த பெரியவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை, நேராக வரிசையைப் பார்த்தார்.

"இவ்வளவு பேரா வந்தாங்க?"

"ஜன்னல் முறை சார்," என்றார் முன்னேற்றம் உடனே. குரல் கம்மியிருந்தாலும் கண் மின்னியது. "மக்கள் கதவைவிட ஜன்னலை விரும்பறாங்க. ஒரே நாள்ல நிரூபிச்சிட்டோம்."

இப்போது எல்லா நிலையங்களிலும் கம்பி போட்ட ஜன்னல் வைக்கிறார்கள். எங்கள் நிலையத்தில் கூடுதலாக இன்னும் இரண்டு. முன்னேற்றத்துக்குப் பதவி உயர்வு. டாக்டரம்மாவைத் திரும்பவும் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள், முதல் தடவை கற்றது நிற்கவில்லையாம். ஜன்னலுக்குள்ளே எட்டிப் பார்த்தால் வாட்ச்மேன் டார்ச் அடிக்கிறார்.

அவள் பிழைத்துக்கொண்டாள். கால் தப்பியது, சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் ஓய்வுக்குப் பிறகு முதல் முதலாகத் துணி கொடுக்கக் கிளம்பியபோது நானும் கூட நடந்தேன். தெருமுனையில் பேனர் வெயிலில் வெளுத்துப்போய் அப்படியே நின்றது. புறாக்கள் மங்கிவிட்டன, அந்தக் குடும்பத்தின் சிரிப்பு மங்கிவிட்டது. விரல் மட்டும் கறுகறுவென்று பளிச்சென்று இருந்தது.

அவள் துணி மூட்டையைத் தலையில் சரிசெய்துகொண்டு நின்று பார்த்தாள்.

"பாருங்கக்கா," என்றாள். "என்கிட்ட இருந்திருந்தா எப்பவோ அழுகிப்போயிருக்கும். அவங்க எவ்வளவு பத்திரமா வெச்சிருக்காங்க."